வசூல் செய்தது ஊர், பணம் யாருடையது?

குடியாத்தம் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மிலிட்டரி வீடு. பாதிப் பேர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒரே பட்டாலியனில் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பட்டாலியனையே ஊர் தத்தெடுத்துக்கொள்வதாகச் சில வருஷங்களுக்கு முன்னால் தீர்மானம் போட்டுக் கமிட்டி அமைத்தோம். பொங்கலுக்கு முறுக்கும் அதிரசமும் டின்னில் அடைத்து அனுப்புகிறோம். பையன்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் வீட்டுப் பிரசவம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. சித்தூர் மாவட்டத்துப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தபந்தங்களின் மிலிட்டரி வீடுகளையும் சேர்த்துக்கொண்டோம்.

சென்ற வருஷம் எங்கள் பையன் ஒருவன், மலைப்பாதையில் ராணுவ வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். 'மனைவி, குழந்தை நலனுக்காக' என்று நோட்டீஸ் அடித்து வசூல் செய்ததில் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது. பணம் என் கணக்கில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு 26 வயது. 3 வயதில் பெண் குழந்தை. காரியம் முடிந்ததும் சித்தூர் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பையனின் அப்பா அம்மா எல்லாவற்றிலும் பாதி கேட்கிறார்கள். பெரியவர்கள் சிலர், அவள் வெளியில் கல்யாணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும், கொழுந்தனையே கட்டிக்கொண்டால் பென்ஷனும் நிற்காது, குழந்தையும் ஊரிலேயே வளரும் என்கிறார்கள். அதற்குச் சம்மதித்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம் என்று கமிட்டி நினைக்கிறது. செல்லுமா?"

இதோடு வேறு கேள்விகளும் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், வாங்கலாமா? கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறும்படி யூனிட்டில் பையன்களிடம் சொல்லிவிட்டார்களாம், இவ்வளவு செய்த ஊரைச் சந்தேகப்படலாமா? சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களை வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் திருப்பி அனுப்புவது நியாயமா? கடைசியாக, ஒரு பையனின் நில வழக்கு. அவன் பனிமலையில் இருக்கிறான். இங்கே முன்சீஃப் கோர்ட்டில் அவன் ஆஜராகாததால் தீர்ப்பு போய்விடும் என்று அவன் மனைவி பயப்படுகிறார்.

ஐயா, வணக்கம்.

1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த மண் இது. கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த ஊர்கள் உங்கள் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மகன் சீருடையில் இருக்கும் வீட்டில் ராத்திரி போன் அடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசவ வலி எடுத்த மருமகளை நடுராத்திரியில் கார் பிடித்து வேலூருக்குக் கூட்டிப்போன கமிட்டி உங்களுடையது. அந்த நன்றியோடுதான் மற்றதையும் சொல்கிறேன். சில இடங்களில் நீங்கள் நினைப்பதற்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பணம்

'மனைவி, குழந்தை நலனுக்காக' என்று நோட்டீஸ் அடித்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நூறும் ஐந்நூறும் கொடுத்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது ஊர்ப் பணம் இல்லை. அந்த இருவருக்காக நீங்கள் கையில் வைத்திருக்கும் பணம். வசூல் செய்த உழைப்பு உங்களுடையது என்பதால் அதை எப்போது கொடுப்பது, என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கமிட்டிக்கு வந்துவிடாது. ஒரு காரியத்துக்கென்று ஒப்படைத்த பணத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு வேறு வழியில் திருப்பினால் அது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு. உங்களிடம் அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் பணம் உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. நாளை உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதில் எவ்வளவு உங்கள் பணம், எவ்வளவு அந்தக் குழந்தையின் பணம் என்று உங்கள் பிள்ளைகள் எப்படிப் பிரிப்பார்கள்?

ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். இன்னாரைத்தான் கட்டிக்கொள்வேன், வெளியில் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்குவது செல்லாது. வயதுவந்த ஒருவரின் திருமணத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவானாலும் அது வெற்றுக் காகிதம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 26-ஆம் பிரிவில் சொல்கிறது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினாலும் நோட்டரி கையெழுத்து வாங்கினாலும் அது மாறாது. சட்டத்தை விடுங்கள் ஐயா. கணவன் போய் வருஷம் ஆகவில்லை. குழந்தையின் பெயரில் ஊர் சேர்த்த பணத்தைக் காட்டி ஒரு 26 வயதுப் பெண்ணிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டால், அவர் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு? அவர் தாய்வீட்டுக்குப் போனதை ஊரை விட்டுப் போனதாக உங்கள் கடிதம் இரண்டு இடத்தில் சொல்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கும் வீட்டுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

கொழுந்தனைக் கட்டினால்தான் பென்ஷன் என்ற பேச்சுக்கு ஒரு பழைய வேர் உண்டு. வீர விருது பெற்றவர்களின் மனைவிக்குத் தரப்படும் மாதாந்திரப் படி, மறுமணம் செய்தால் நின்றுவிடும், இறந்தவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி இருந்தது. அதைப் பாதுகாப்பு அமைச்சகம் 2017 நவம்பரில் நீக்கிவிட்டது. அது விருதுப் படிக்கான விதி. குடும்ப பென்ஷன் வேறு. பணியினால் ஏற்பட்ட மரணத்துக்கான குடும்ப பென்ஷனில், மறுமணம் செய்த பிறகும் இறந்தவரின் குழந்தையை அவர் தொடர்ந்து வளர்க்கிறாரா என்பதுதான் முக்கியமாகப் பார்க்கப்படும். யாரை மணக்கிறார் என்பது கேள்வியே இல்லை. இன்னொன்றும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்: ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களின் விதவைகள் மறுமணம் செய்துகொள்வதற்கென்றே மத்திய அரசின் படைவீரர் நல அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மானியம் கொடுக்கிறது. அரசாங்கமே கைகொடுக்கும் ஒரு காரியத்தை ஊர் தடுக்க வேண்டுமா?

அதனால் என் யோசனை இது. பணத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதி குழந்தையின் பெயரில், தாயே காப்பாளராக, வைப்புத்தொகையாக இருக்கட்டும். 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை என்பதால் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்கலாம். அதில் வருஷத்துக்கு 1.5 லட்சம் வரைதான் போட முடியும். மீதி அவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். எது எவ்வளவு என்பதை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கொடுக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஊரில் மிலிட்டரி வீட்டுப் பெண்கள் இருவர் அவர் வீட்டுக்குப் போய், வரவு விவரம் எழுதிய தாளோடு காசோலையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

பெற்றோரின் பங்கு

மகனைப் பறிகொடுத்தவர்கள் பாதி கேட்கிறார்கள் என்றால் அதைப் பேராசை என்று தள்ளிவிட மாட்டேன். அவர்கள் பயம் வேறு. மருமகள் போய்விட்டால் நம்மை யார் பார்ப்பார்கள் என்ற பயம். ஆனால் 'எல்லாவற்றிலும் பாதி' என்று ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு பணமும் ஒவ்வொரு வழியில் போகும்.

குடும்ப பென்ஷன் இறந்தவரின் சொத்து அல்ல. விதிப்படி அது மனைவிக்குப் போகிறது. உயில் எழுதியும் அதை மாற்ற முடியாது. குடும்ப பென்ஷன் சொத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. வங்கிச் சேமிப்பு, நிலம், வீடு போன்றவை இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். இந்தக் குடும்பத்தில் அவர்கள் மனைவி, மகள், தாய் மூவர். தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. அதை யாரும் மறுக்கக் கூடாது. தந்தை முதல் வகுப்பில் வரமாட்டார். உங்கள் ஊரில் மட்டுமில்லை, பல இடங்களிலும் இதை மாற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கு எதற்கு என்று.

குரூப் இன்ஷூரன்ஸ் போன்றவற்றில் முதலில் பார்ப்பது நாமினேஷனை. இங்கேதான் மிலிட்டரி வீடுகளில் அதிகமாகச் சண்டை வருகிறது. பையன் 19 வயதில் சேரும்போது படிவத்தில் அம்மா பெயரை எழுதுகிறான். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. திருமணத்துக்கும் குழந்தைக்கும், பணிப் பதிவேட்டில் ஏற்றும் 'பார்ட் டூ ஆர்டர்' போடச் சொல்லி யூனிட் ஆபீஸில் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நாமினேஷனையும் மாற்ற வேண்டும். அடுத்த லீவில் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். ஒரு நாள் ரெக்கார்ட் ஆபீஸில் கோப்பைத் திறந்தால், மனைவி என்று ஒருவர் இருப்பதே அதில் இருக்காது. உங்கள் கமிட்டி ஒரே ஒரு வேலை செய்தால் போதும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: லீவில் வரும் ஒவ்வொரு பையனிடமும் பார்ட் டூ ஆர்டர் வந்துவிட்டதா, நாமினேஷன் மாற்றினாயா, பேங்கில் மனைவியோடு கூட்டுக்கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அதிரசம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதைவிட இது அவசரம்.

பெற்றோருக்கு உதவ ஊர் விரும்பினால், அவர்கள் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு வசூல் செய்யுங்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. பேத்தியைப் பார்க்க அவர்கள் போய்வரவும், திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்து வரவும் வழிசெய்யுங்கள். பணச் சண்டை முடியாதவரை அது நடக்காது.

மரணம் எந்த வகை என்பது

ஃப்ளெக்ஸில் 'வீரமரணம்' என்று போட்டிருக்கிறீர்கள். ஊரின் மரியாதை அது, இருக்கட்டும். ஆனால் பென்ஷன் தொகை அதை வைத்து வராது. போர் நடவடிக்கையில் இறந்தால் தாராளமயக் குடும்ப பென்ஷன். கடைசியாக வாங்கிய, கணக்கில் எடுக்கத்தக்க சம்பளம் முழுவதற்கும் சமம். பணியில் இருந்தபோது நேர்ந்த விபத்து என்றால் சிறப்புக் குடும்ப பென்ஷன். அது 60 சதவீதம். பணியோடு தொடர்பில்லாத மரணம் என்றால் சாதாரணக் குடும்ப பென்ஷன். வண்டி எங்கே, என்ன வேலையாகப் போனது, அந்தப் பகுதியில் ராணுவ நடவடிக்கை அறிவிக்கப்பட்டிருந்ததா என்பதையெல்லாம் விசாரணைக் குழு பதிவு செய்யும். கோர்ட் ஆஃப் என்கொயரி என்பார்கள். அந்த அறிக்கையின் நகலும், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையும் அந்தப் பெண்ணின் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வகை தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. ஊர் ஒரு வக்கீலுக்குச் செலவு செய்வதானால் இந்த இடத்தில் செய்யலாம். ஐந்து லட்சம் ஒரு தடவை வரும். பென்ஷன் வகை சரியாக இருந்தால் மாதாமாதம் வரும்.

வாட்ஸ்அப் குழு

ஐயா, யூனிட் உங்களைச் சந்தேகப்படவில்லை. நீங்கள் பெருமையோடு எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். "நம்ம பசங்க அடுத்த வாரம் மேலே போறாங்க, பார்சல் போடறவங்க சீக்கிரம் போடுங்க" என்று ஒருவர். கீழே இன்னொருவர், யார் யார் எந்த கேம்ப்பில் என்று பட்டியல். அதற்குக் கீழே லீவில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கும் தேதி. குழுவில் இருநூறுக்கு மேல் ஆட்கள். அதில் பல எண்கள் யாருடையவை என்று உங்களுக்கே தெரியாது என்கிறீர்கள்.

நீங்கள் பார்சலில் எழுதும் முகவரியை நினைத்துப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 9-இல் தொடங்கும் பின்கோடு, 'மார்பத் 56 ஏ.பி.ஓ.' (56-ஆம் ராணுவ அஞ்சலகம் மூலமாக) அல்லது '99 ஏ.பி.ஓ.'. அதில் ஊர்ப் பெயரோ மாநிலமோ கிடையாது. கடிதம் டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போய், ராணுவ அஞ்சல் துறை அங்கிருந்து கொண்டுசேர்க்கும். படை எங்கே நிற்கிறது என்பது உறையின் மேல் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. அந்த உறை மறைப்பதை உங்கள் குழு பாசத்தோடு சொல்லிவிடுகிறது. 2020 ஜூலையில் ராணுவம் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கும்படி தன் வீரர்களுக்கு உத்தரவு போட்டது. பையன்கள் வெளியேறாவிட்டால் அவர்கள்மேல் ராணுவச் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை வரும். படையின் நடமாட்டத் தகவல் எதிரிக்குப் போனால், 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் சீருடை போடாதவர்களுக்கும் பொருந்தும்.

இன்னோர் ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது. கணவன் வீட்டில் இல்லாத பெண்களின் பெயர், போன் நம்பர், பென்ஷன் வந்ததா இல்லையா என்ற விவரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் பெயரைச் சொல்லி, 'ஸ்பர்ஷ் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று ஏமாற்றுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் குழுவைக் கலைத்துவிடுங்கள். குடும்பத்தார் மட்டும் உள்ள சின்னக் குழு ஒன்று போதும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாவட்ட அலுவலகச் சுற்றறிக்கை இவற்றுக்கு மட்டும். யூனிட் பெயர், இடம், லீவு தேதி, சீருடைப் படம் எதுவும் கூடாது. கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன ஊர்க்காரர்கள், உங்கள் வீரர்களின் குடும்பங்களுக்கு இன்னின்ன செய்கிறோம், எங்களால் சங்கடம் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று. ஊர்த் தீர்மானத்தை வைத்துப் பட்டாலியன்மேல் உங்களுக்கு உரிமை எதுவும் வந்துவிடாது. ஆனால் அவர் எழுத்தில் சொல்லும் நாலு வரியில் உங்களுக்கு ஒரு தொடர்பு கிடைக்கும். பொங்கல் பார்சலையும் அவரைக் கேட்டே அனுப்புங்கள். ரசீது புத்தகத்தின் மூலையில் ரெஜிமெண்டின் யானைச் சின்னத்தை அச்சடித்திருக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ராணுவமே நடத்தும் நிதி என்று நம்பி ஒருவர் பணம் கொடுத்தால் அது அவரை ஏமாற்றியதாகிவிடும்.

வெளிநாட்டுப் பணமும் கமிட்டியின் பதிவும்

வெளிநாட்டில் இருக்கிறாரா என்பது கேள்வி இல்லை. எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர்க்காரர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் அல்லது அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் உங்கள் சொந்தத் தம்பி மகனாகவே இருந்தாலும், கையில் ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர்தான். அவரிடமிருந்து உங்கள் கமிட்டி பணம் வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். உங்கள் அளவுக்கு இது தேவையில்லாத தலைவலி. ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்களிடம் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கமிட்டியை மட்டும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் போதும். பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, வருஷாந்திரத் தணிக்கை. நிர்வாகக் குழுவில் மிலிட்டரி வீட்டுப் பெண்கள் இருக்கட்டும். கடிதத்தில் கமிட்டி உறுப்பினர்கள் என்று நீங்கள் எழுதிய பதினோரு பேரும் ஆண்கள். யாருக்காக நடக்கிறதோ அவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. அப்படிப்பட்ட கமிட்டியில்தான் ஸ்டாம்ப் பேப்பர் யோசனை எழுகிறது.

படைக்கே நேரடியாகக் கொடுக்க விரும்புகிறவர்களைக் கொடிநாள் நிதிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். கலெக்டர் ஆபீஸ் வழியாகவே செலுத்தலாம், வரிவிலக்கும் உண்டு. யூனிட்டுக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் நிற்கிறது. தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழுக்கு நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை. உங்கள் ஊர் அங்கே நிற்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

வேலூரில் திருப்பி அனுப்பியதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் பென்ஷனுக்கும் ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கும் எல்லை கிடையாது. மாநில அரசு தரும் உதவிகள் மட்டும், வீரரின் பணிப் பதிவேட்டில் இருக்கும் சொந்த ஊர் எந்த மாநிலமோ அதன்படிதான். குடிபாலையிலோ குப்பத்திலோ வீடு உள்ளவர், பேசுவது தமிழானாலும், சித்தூரில் உள்ள மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். தெலுங்கில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவரை உங்கள் கமிட்டியில் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இறந்த பையனின் பதிவு தமிழ்நாடு என்பதால், அவர் மனைவி இப்போது சித்தூர்ப் பக்கம் வசித்தாலும் வேலூர் அலுவலகத்தையே அணுகலாம். இதை அவரிடம் யாராவது சொன்னார்களா?

கடைசியாக அந்த நில வழக்கு. இதில்தான் நாள் குறைவு

இதில் காத்திருக்காதீர்கள். பணியில் இருக்கும் வீரர் வரமுடியாத நிலையில் அவருக்கு எதிராக வழக்கு நடந்துவிடக் கூடாது என்பதற்கென்றே 1925-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம். போர்ச் சூழலிலோ விசேஷச் சூழலிலோ பணியில் இருப்பவர் என்பதைக் கலெக்டர் சான்றளித்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்து ராணுவத்துக்குத் தகவல் அனுப்பும். அவர் மனைவி சம்மன் நகலோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கலெக்டருக்கு மனு கொடுக்கட்டும். கூடவே பையன் யூனிட்டில் சொல்லி, வழக்குக்காக லீவு கேட்டிருக்கிறான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வக்கீலுக்கு அனுப்பட்டும். ராணுவச் சட்டம் 1950-இன் 32-ஆம் பிரிவுப்படி, அந்தச் சான்றிதழ் வந்தால் முடிந்தவரை அவருடைய லீவுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். மனைவியின் பெயரில் பவர் எழுதிக் கொடுப்பதும் உதவும்.

நீங்கள் இதைப் படிப்பதற்குள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. அதை ரத்து செய்யக் கோரிப் பொதுவாக 30 நாளுக்குள் மனு போட வேண்டும். மேலே சொன்ன 1925 சட்டத்தின்கீழ் வருபவர்களுக்குப் பணிக் காலத்தைக் கழித்துக்கொள்ளச் சலுகையும் உண்டு. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணோடு ஒருவர் கோர்ட்டுக்குப் போய், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடட்டும்.